டப்பாவில் விட்ட மிச்சம்

இரவல் வாங்கிட்டுப் போன பாத்திரத்தை யாராவது வெறுமனே கொண்டாந்து வச்சா எனக்கு இன்னைக்கும் சுருக்குன்னு வரும். இப்ப இருக்கிற பிள்ளைகளுக்கு அதெல்லாம் எங்க தெரியுது, கழுவிக் குடுத்தாலே பெரிய உபகாரம்னு நெனைக்குதுக. எங்க ஊருல அப்படி இல்ல. குழம்பு வாங்கின கிண்ணத்துல ஒரு கை சீனி, இல்ல ரெண்டு வத்தல், எதுவும் இல்லாட்டி நாலு அரிசியாவது போட்டுத்தான் திருப்பிக் குடுப்போம். வெறும் பாத்திரம் ஒரு வீட்டு வாசல் தாண்டக்கூடாது. யோசிச்சுச் செய்யறது இல்ல இது, கை தன்னால செய்யும். அப்படிக் கை தன்னால செஞ்ச ஒரு காரியத்துலதான் நான் என் ஓரகத்தியோட பருத்தியைக் கெடுத்தேன். அதோட அவ பட்ட பாடும் என்னால வந்ததுதான்.

எங்க ஊரு திண்டுக்கல்லுலருந்து நத்தம் போற ரோட்டை விட்டு உள்ள தள்ளி இருக்கு. செம்மண்ணு, கிணத்துத் தண்ணி. நான் சொல்றது அறுபதுகளோட நடுவுல. மாமனார் காலமானதும் எங்க வீட்டுக்காரரும் அவுக அண்ணனும் நிலத்தைப் பாகம் பிரிச்சாங்க. கிணறு மட்டும் பொது. ஆளுக்கு ஒரு நாள் தண்ணி முறை. அந்த முறையில ஒரு நாள் யாரோடதுன்னு சண்டை வந்து, அண்ணனும் தம்பியும் பேச்சை நிப்பாட்டிட்டாங்க. நாலு வருசம் பேசல. ஏதாவது சொல்லியே ஆகணும்னா மாட்டைப் பாத்துச் சொல்லுவாங்க. "ஏ மயிலை, நாளைக்கு நம்ம முறை, கமலைச் சால் கிழிஞ்சிருக்குன்னு தெரிஞ்சுக்க"ன்னு எங்க மூத்தாரு, அதான் அந்த அண்ணன்காரரு, சத்தமாச் சொல்லுவாரு. மாடு என்னத்தைக் கண்டுச்சு. கேட்டுக்க வேண்டியவரு இந்தப் பக்கம் நின்னு கேட்டுக்குவாரு.

எங்க ரெண்டு பேருக்கும், அதாவது மூத்தாரு பொஞ்சாதிக்கும் எனக்கும், அந்தச் சண்டையில பங்கு கிடையாது. நான் அவளை அக்கான்னுதான் கூப்பிடுவேன். என்னைவிட ஆறேழு வயசு மூப்பு. அதிர்ந்து பேசமாட்டா. நான் அப்படி இல்ல, எனக்கு வாய் நீளம், அது ஊருக்கே தெரியும். ஆம்பளைகளுக்குத் தெரியாம நாங்க கிண்ணம் மாத்திக்குவோம். அவ வீட்டுப் புளிக்குழம்பு இங்க வரும், எங்க வீட்டுக் கீரைக்கடைசல் அங்க போகும்.

கிணறு மாதிரியே பொதுவா விட்ட இன்னொரு சாமான் மருந்தடிக்கிற டப்பா. முதுகுல மாட்டிக்கிட்டு ஒரு கையால பம்ப் அடிச்சு மறு கையால தெளிக்கிறது. முழுக்கப் பித்தளை. மாமனார் உயிரோட இருக்கையில வாங்கினது. ஆயுத பூசைக்குப் புளி போட்டு விளக்கிப் பொட்டு வச்சா குத்துவிளக்கு கணக்கா இருக்கும். அது மூத்தாரு வீட்டு மாட்டுக் கொட்டத்துல ஆணியில தொங்கும், வேணுங்கிறவுக எடுத்துக்கலாம். அதையும் நானும் அக்காவும் பாத்திரமாத்தான் நடத்தினோம். பூச்சிக்கு அடிச்சது போக அடியில ஒரு செம்பு மிச்சம் விட்டுத்தான் திருப்பி மாட்டுவோம். எனக்கு அவ விடுவா, அவளுக்கு நான் விடுவேன். அந்தக் காலத்துல பூச்சிப் பொடி அம்புட்டு லேசுல கிடைக்காது, அந்த ஒரு செம்பே பெரிசு.

அந்த வருசம் எங்க சோளத்துல சுடுமல்லி ஏறிடுச்சு. பாக்க அழகா பூப்பூத்து நிக்கும், சனியன். மண்ணுக்குள்ள சோளத்து வேரைப் பிடிச்சு உறிஞ்சும். பிடுங்கப் பிடுங்க வரும். களையெடுத்து என் நகக்கண்ணெல்லாம் வெடிச்சுப் போச்சு. வெவசாய யோசனை சொல்ல சைக்கிள்ல வர்ற கிராம சேவக் பாத்துட்டு, உப்பு இன்னும் கொஞ்சம் வைக்கணும், நெலம் வத்தலா இருந்தா சுடுமல்லிக்குக் கொண்டாட்டம்னாரு. உப்புன்னா அமோனியா உரம், எங்க பக்கம் எல்லாருக்கும் அது உப்புதான். அதோட ஆபீசுலருந்து ஒரு புது மருந்து கொண்டாந்தாரு. வெள்ளைப் பொடி. தண்ணியில கரைச்சு அடிச்சா களை மட்டும் சாகும், பயிரை ஒண்ணும் செய்யாதுன்னாரு. அவரு வேற என்னென்னமோ எங்க வீட்டுக்காரர்கிட்டச் சொல்லிக்கிட்டிருந்தாரு. நான் அவருக்கு மோர் கலக்க உள்ள போயிட்டேன்.

மார்கழி பிறந்து ரெண்டு மூணு நாள் இருக்கும். எங்க வீட்டுக்காரர் அடிச்சாரு, நான் தண்ணி சுமந்தேன். மறுநா காலையில வெஞ்சனத்துக்கு ஒரு கை பண்ணைக்கீரை கிள்ளலாம்னு போனா, கீரைத்தண்டெல்லாம் மண்புழு மாதிரி முறுக்கிக்கிட்டுக் கிடக்கு. தரையில படர்ற சாரணைக் களையும் அப்படித்தான். சுடுமல்லி தலை தொங்கிருச்சு. சோளம் மட்டும் ஒண்ணுமே நடக்காத மாதிரி நெட்டுக்குத்தா நிக்குது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. கீரை போச்சேன்னு ஒரு பக்கம் வருத்தம்தான், ஆனா பயிர் எது, களை எதுன்னு பாத்துப் பாத்துக் கொல்லுதே இந்த மருந்துன்னு ஒரே ஆச்சரியம்.

அப்பத்தான் அக்கா பருத்தி ஞாபகம் வந்துச்சு. கம்போடியாப் பருத்தி, அவளே குனிஞ்சு குனிஞ்சு ஊனினது, மொட்டு வைக்கிற பருவம். பாத்திக்குப் பாத்தி சாரணை படர்ந்து கிடந்துச்சு. டப்பாவுல மருந்து மிச்சம் இருந்துச்சு, எப்பவும் விடற ஒரு செம்பு இல்ல, ரெண்டு செம்பு தேறும். அக்கா பாத்திக் களையும் சாகட்டும்னு அப்படியே மூடிக் கொண்டுபோய் ஆணியில மாட்டிட்டேன். பருத்தி பயிர்தானே, அதை ஒண்ணும் செய்யாதுன்னு எனக்கு அம்புட்டு நம்பிக்கை. அக்கா வீட்டுல இல்ல. கிணத்தடியில பாத்தாச் சொல்லிக்கலாம்னு வந்துட்டேன்.

மறுநா அவ கிணத்தடிக்கு வரல. வீட்டுக்குத் தூரம். எங்க பக்கம் அந்த மூணு நாளும் பொம்பளை கிணத்தைத் தொடக்கூடாது, அடுப்பைத் தொடக்கூடாது, மாட்டுக் கொட்டத்து மூலையில ஒரு சாக்கை விரிச்சு உக்காந்திருக்கணும். பயிருக்குள்ள இறங்கவே கூடாது. இறங்கினா செடி கருகிரும்னு சொல்லுவாங்க. நானும் அப்படித்தான் நம்பினேன், பொய் சொல்ல என்ன இருக்கு.

ரெண்டாம் நாள் மூத்தாரு அய்யலூர்ச் சந்தைக்கு ஆடு பாக்கப் போயிட்டாரு. பருத்தியில தத்துப்பூச்சி ஏறி இலையெல்லாம் ஓரம் சிவந்துக்கிட்டு வருது, மனுசன் இன்னைக்கு அடிக்கிறேன் நாளைக்கு அடிக்கிறேன்னு கடத்திக்கிட்டே இருந்தாரு. அக்காவுக்குப் பொறுக்கல. தலைக்கு மேல டப்பா தொங்குது. அடியில மிச்சம் சலசலன்னு கேக்குது, தங்கச்சி வழக்கம்போல விட்டிருக்கான்னு நெனைச்சு அதுலயே தண்ணிய ஊத்தி, அவ வீட்டுப் பூச்சிப் பொடியையும் போட்டுக் கலக்கி முதுகுல மாட்டிக்கிட்டு இறங்கிட்டா. கடைசி ரெண்டு பாத்திக்கு மருந்து எட்டல. மத்த எல்லாத்துக்கும் அடிச்சு முடிச்சுட்டா.

சந்தையிலருந்து வந்த மூத்தாரு முறைச்சாரு, ஆனா பூச்சி செத்துக் கிடந்ததைப் பாத்து அன்னைக்கு விட்டுட்டாரு. அஞ்சாறு நாளு கழிச்சுத்தான் கூச்சல் கேட்டுச்சு. நான் வேலியோரம் போய்ப் பாத்தேன். பருத்திக் கொழுந்தெல்லாம் அகலம் சுருங்கி, விரல் விரலா நீண்டு தொங்குது. தண்டு கோணிக்கிட்டு நிக்குது. மொட்டெல்லாம் காலடியில உதிர்ந்து கிடக்கு. "எந்த நாளுல காட்டுக்குள்ள இறங்கினடி? சொல்லு, எந்த நாளு?"ன்னு அவரு தெரிஞ்சுக்கிட்டே கேக்குறாரு. அவ தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "ரெண்டாம் நாளு"ன்னா.

எனக்கு அந்த நிமிசமே தெரிஞ்சு போச்சு. அந்த முறுக்கலை நான் என் சோளக்காட்டுக் கீரையில பாத்திருக்கேன். ஓடிப்போய்ச் சொல்லணும்ல? சொல்லல. நாலு வருசமாப் பேசாத பங்காளி வீடு. பங்காளி பொஞ்சாதி வேணும்னே டப்பாவுல மருந்தை வச்சுப் பயிரை அழிச்சுட்டான்னுதான் ஊரு பேசும். எங்க வீட்டுக்காரரே என்னை நம்புவாரான்னு சந்தேகம். வாய் நீளம்னு சொன்னேனே, அந்த வாய் அன்னைக்குக் கட்டிப்போச்சு.

கிராம சேவக் வந்தப்போ சும்மா கேக்குற மாதிரி கேட்டேன், இந்தக் களை மருந்து பருத்தியில பட்டா என்னாகுமுங்கன்னு. அவரு பதறிட்டாரு. "அய்யய்யோ, பருத்திக்கு ஆகவே ஆகாதும்மா. புல்லு சாதியை விட்டுரும், சோளமும் புல்லு சாதிதான். அகல இலைச் செடி எதுவா இருந்தாலும் பிடிச்சுக்கும். டப்பாவைச் சாம்பல் போட்டு நாலு தண்ணி அலசச் சொன்னேனே?" நான் மோர் கலக்கப் போன நேரத்துல சொன்னது அதுதான் போலருக்கு. எங்க வீட்டுக்காரர் மறந்துட்டாரு. பயிர் எது களை எதுன்னு அந்த மருந்துக்கு என்ன தெரியும். அது நாம வச்ச பேரு. அதுக்குப் பருத்தியும் சாரணையும் ஒண்ணுதான்.

ஆக, காரணமும் தெரிஞ்சாச்சு. அப்பவும் நான் வாயைத் திறக்கல.

ஒரு நாள் அக்கா என்கிட்ட வந்து, "நாந்தான் ஆத்தா கெடுத்துட்டேன். என் கையாலேயே கெடுத்துட்டேன். புத்தி எங்க போச்சுன்னே தெரியல"ன்னு சொன்னா. அழக்கூட இல்ல. ஏதோ பானை உடைஞ்சதைச் சொல்ற மாதிரி சொன்னா. நான் அவ கையைப் பிடிச்சுக்கிட்டு, சரியாப் போகும்க்கான்னேன். நெனைச்சா இப்பக்கூட எனக்கு என் மேலேயே காறித் துப்பணும் போல இருக்கு.

மூத்தாரு அவளை எந்த நாளும் பருத்திக்குள்ள இறங்கக்கூடாதுன்னுட்டாரு. மதியக் கஞ்சியை வரப்புல வச்சுட்டுத் திரும்பிப் போயிரணும். அந்தக் கூச்சல் கேட்டதுலருந்து பதினோராம் நாளு, நான் எங்க சோளத்துல நின்னுக்கிட்டிருந்தேன். அவ கஞ்சித் தூக்கைக் கொண்டாந்து வரப்புல வச்சா. ஒரு செடி வரப்புப் பக்கமாச் சாஞ்சு கிடந்துச்சு. அதை நிமித்தி விடக் கையை நீட்டினவ, சட்டுன்னு இழுத்து முந்தானைக்குள்ள மறைச்சுக்கிட்டா. அம்புட்டுத்தான். என்னால முடியல. வேலியைத் தாண்டிப் போய் மூத்தாரு முன்னால நின்னுட்டேன்.

எல்லாத்தையும் சொன்னேன். டப்பா, மிச்சம், கிராம சேவக் சொன்னது, எதையும் விடல. சத்தம் கேட்டு எங்க வீட்டுக்காரரும் ஓடியாந்துட்டாரு. மூத்தாரு பொறுமையாக் கேட்டுட்டு ஒரே கேள்வி கேட்டாரு. "உங்க சோளத்தை ஒண்ணும் செய்யாத மருந்து என் பருத்தியை மட்டும் எப்படிச் செய்யும்?" நான் இலை அகலம், புல்லு சாதின்னு என்னமோ சொன்னேன். அவரு சிரிச்சாரு. "ரெண்டு பேரும் கிண்ணம் மாத்திக்கிறது எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சீகளா? அவளைக் காப்பாத்த நீ கதை கட்டுற. அந்தா பாரு, கடைசி ரெண்டு பாத்தி நல்லாத்தான் நிக்குது. அங்க இவ கால் படல."

"அங்க மருந்தும் படல அத்தான்"னேன்.

அவரு முகத்தைத் திருப்பிக்கிட்டாரு. எனக்குக் கோபம் தலைக்கேறிடுச்சு. வீட்டுக்கு ஓடி, மிச்சம் இருந்த பொடியில ஒரு சிட்டிகையை ஒரு செம்புத் தண்ணியில கரைச்சு எடுத்தாந்தேன். வேப்பங்குழை ஒடிச்சுக்கிட்டேன். "நீங்களே அந்த ரெண்டு பாத்தியில நல்ல செடியாப் பாத்து மூணு காட்டுங்க"ன்னேன். அவரும் வீம்புக்கு, தண்ணி பாயுற தலைமாட்டுல தளதளன்னு நின்ன மூணைக் காட்டினாரு. கோயில்ல தீர்த்தம் தெளிக்கிற மாதிரி குழையால தெளிச்சுவிட்டேன். அதோட விட்டேனா? "பக்கத்துலயே ரெண்டு செடி இருக்கு. அக்கா அடுத்த தடவை தூரமாகையில அதை வந்து தொடட்டும். எது கருகுதுன்னு பாத்துருவோம்"னேன். ஆம்பளைக முன்னால சொல்ற பேச்சா அது. எங்க வீட்டுக்காரர், "ஏய், வாயைக் கழுவுடி"ன்னாரு. மூத்தாரு துண்டை உதறிக்கிட்டுப் போயிட்டாரு.

அக்கா வரப்புலயே நின்னுக்கிட்டிருந்தா. நான் அவகிட்டப் போனேன். பாராட்டுவான்னு எதிர்பாத்தேனோ என்னவோ, தெரியல. அவ என்னைப் பாத்து, "பதினோரு நாளு"ன்னா. தூக்கை எடுத்துக்கிட்டுப் போயிட்டா.

மறுநாளே அந்த மூணு செடியும் கழுத்து திருகி நின்னுச்சு. மூத்தாரு வந்து குனிஞ்சு பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. அப்புறம் வேலிக்கு இந்தப் பக்கம் நின்ன தம்பியைப் பாத்து, மாட்டைப் பாத்து இல்ல, நேரா அவரைப் பாத்து, "ஏலே, அந்த டப்பாவைச் சாம்பல் போட்டு நல்லாக் கழுவி வையி"ன்னாரு. நாலு வருசத்துல மொத வார்த்தை. எங்க வீட்டுக்காரர் அன்னைக்கு முழுக்க டப்பாவைத் தேய்ச்சாரு. கிராம சேவக் யோசனைப்படி எங்க பங்கு உப்புல பாதியையும், எங்க முறையில ரெண்டு நாள் தண்ணியையும் அந்தப் பருத்திக்கு விட்டோம். செடி தழைக்க வேற வழி இல்ல.

ஆனா அக்கா விசயத்துல அந்த மனுசன் இறங்கி வரல. "மருந்தும் காரணந்தான். அதுக்காகத் தீட்டு இல்லேன்னு ஆயிருமா?"ன்னு ஊருக்குள்ள சொல்லிக்கிட்டிருந்தாரு. அக்காவும் என்கிட்டப் பேசல. நான் கீரைக்கடைசல் குடுத்துவிட்டா வாங்கிக்குவா, கிண்ணம் திரும்பி வரும், பளிச்சுன்னு கழுவி, வெறுமனே. மொத தடவை மறந்துட்டாளோன்னு நெனைச்சேன். மூணாவது தடவை புரிஞ்சுச்சு. அழுதேன், ஆனா குறை சொல்ல எனக்கு வாய் இல்ல.

தை பிறந்து ஒரு நாள் காலையில, மூத்தாரு மாட்டைப் பூட்டிக் கமலையில தண்ணி இறைச்சுக்கிட்டிருக்காரு, நான் எங்க பக்கம் களை பிடுங்குறேன். கொட்டத்துப் பக்கமிருந்து அக்கா வந்தா. தலை வாரல, பழைய சேலை. பாத்ததும் தெரிஞ்சுச்சு, அவ தூரமா இருக்கா. நேரா பருத்திக்குள்ள இறங்கினா. "ஏய்"னு மூத்தாரு கத்தினாரு. கமலையில மாடு பாதி வழியில நின்னுபோச்சு. அவ திரும்பிக்கூடப் பாக்கல. அந்த மூணு செடிக்குப் பக்கத்துல போய், நான் சொன்ன ரெண்டு செடியையும் ரெண்டு கையாலயும் அடியிலருந்து நுனி வரைக்கும் தடவினா. ஒவ்வொரு இலையா, ஒவ்வொரு மொட்டாத் தொட்டா. அவசரமே இல்ல. அப்புறம் வந்த வழியே போயிட்டா.

அதுக்கப்புறம் எங்க ரெண்டு வீட்டுலயும் விடிஞ்சதும் எல்லாருக்கும் அந்தப் பாத்திக்கிட்ட ஏதாவது ஒரு வேலை இருந்துச்சு. மூத்தாரு பல்லுக்குச்சியோட அங்கதான் நிப்பாரு. மூணு செடி குச்சியாப் போச்சு. ரெண்டு செடி பூத்துச்சு, காய் பிடிச்சுச்சு. மத்தபடி அந்த வருசம் அவங்களுக்குப் பருத்தி பாதிகூடத் தேறல. உப்பும் தண்ணியும் குடிச்சுப் பின்னால வந்த கிளை நேராத்தான் வந்துச்சு, ஆனா பருவம் போயிடுச்சு. அந்த நட்டம் என்னால வந்தது, அதை எதைச் சொல்லியும் மறைக்க முடியாது.

மூத்தாரு ஒரு நாளும் அவகிட்டத் தன் மேல தப்புன்னு சொல்லல. அப்படிச் சொன்னா அது அவரே இல்ல. ஆனா மாசியில ஒரு நாள் கஞ்சித் தூக்கோட வந்து வழக்கம்போல வரப்புல நின்னவளைப் பாத்து, "அங்கயே நின்னா எப்படி? வெயில் ஏறுது, அந்தப் பக்கம் ரெண்டு பாத்தி வெடிச்சுக் கிடக்கு, எடு"ன்னாரு. எந்த நாளுன்னு கேக்கல. அதுக்கப்புறம் அந்த வீட்டுல அந்தக் கேள்வி வரல.

அன்னைக்குச் சாயந்தரம் அக்கா எங்க வீட்டுக்கு வந்தா. ரெண்டு மாசத்துல அதுதான் மொத தடவை. கையில எங்க கிண்ணம். அதுல ரெண்டு பிடி பருத்தி, கொட்டை எடுக்காதது, வெள்ளை வெளேர்னு. எந்தச் செடியோடதுன்னு நான் கேக்கல, அவளும் சொல்லல.

"உள்ள வாக்கா"ன்னேன்.

வந்தா. சுவரோரமா உக்காந்தா. அப்புறம், "கிண்ணத்துல எதை வேணா போட்டுக் குடுத்துவிடுத்தா. அந்த டப்பாவுல மட்டும் எதையும் விடாத"ன்னா. எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, அழுகையும் வந்துச்சு. கிண்ணத்தை வாங்கினேன். அந்தப் பருத்தியை நான் நூல் நூக்கவும் இல்ல, விக்கவும் இல்ல. அக்கா போய்ச் சேர்ந்து இத்தனை வருசமாச்சு, இன்னும் என் பெட்டியிலதான் இருக்கு.